13பி ரோட்டரி எஞ்சினில் கம்ப்ரெஷன் ஏற்றுவது எப்படி: ரோட்டர் தேர்விலிருந்து டியூனிங் வரை முழுமையான வழிகாட்டி

பிஸ்டன் எஞ்சினில் கம்ப்ரெஷன் ரேஷியோவை, அதாவது காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பதை, ஏற்ற வேண்டுமென்றால் ஹெட்டைக் கொஞ்சம் இழைக்கலாம், மெல்லிய கேஸ்கெட் போடலாம், மேடு வைத்த பிஸ்டன் வாங்கலாம். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் மாஸ்டாவின் ரோட்டரியில் இதில் எதுவுமே கிடையாது. ஹெட் இல்லை, கேஸ்கெட் இல்லை, இழைக்க ஒரு பரப்பும் இல்லை. ரோட்டரின் மூன்று முகங்களிலும் ஒவ்வொரு குழி இருக்கிறதே, அந்தக் குழி எவ்வளவு பெரிது என்பதுதான் கம்ப்ரெஷன். எனவே கம்ப்ரெஷன் ஏற்றுவது என்றால் சின்னக் குழி உள்ள ரோட்டருக்கு மாறுவது, அப்புறம் அந்த மாற்றத்துக்கு ஏற்றபடி பேலன்ஸ், சீல், பற்றவைப்பு எல்லாவற்றையும் சரிசெய்வது. ரோட்டரை வாங்கிப் போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் நல்ல எஞ்சினைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முக்கியமாக 13பி எஞ்சினுக்கு, அதிலும் 1986 முதல் 1991 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரின் எஞ்சினுக்கு. கணக்கும் முறையும் மற்ற 13பி-களுக்கும் பொருந்தும். 12ஏ வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 12ஏ ரோட்டரின் அகலம் 70 மி.மீ., 13பி ரோட்டரின் அகலம் 80 மி.மீ., ஒன்றை மற்றொன்றில் போட முடியாது.

முதலில் கணக்கு

ஒரு ரோட்டரின் ஒரு அறை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது. 3ஐ √3 ஆல் பெருக்கி, அதை ரோட்டரைத் தாங்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் விலகல் தூரம், ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் உட்சுவர் வடிவமான ட்ரோக்காய்டு வளைவின் ஆரம், ஹவுசிங்கின் அகலம் ஆகிய மூன்றாலும் பெருக்க வேண்டும். 13பி-க்கு விலகல் 15 மி.மீ., ஆரம் 105 மி.மீ., அகலம் 80 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 654 சி.சி. வரும். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து 1308 சி.சி. என்று விளம்பரங்களில் போடுவது இதைத்தான்.

இந்த 654 மாறவே மாறாது. அறை மிகவும் சுருங்கும் நேரத்தில் மிச்சமிருக்கும் இடம் எவ்வளவு என்பது மட்டும்தான் மாறும். கம்ப்ரெஷன் 8.5 என்றால் அந்த மிச்ச இடம் சுமார் 87 சி.சி., 9.0 என்றால் 82 சி.சி.க்குச் சற்றுக் குறைவு, 9.4 என்றால் 78, 9.7 என்றால் 75, 10.0 என்றால் 73க்குச் சற்றுக் குறைவு. 654ஐ, விகிதத்தில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் நீங்களே இதைப் போட்டுப் பார்க்கலாம். 9.0 ரோட்டரை எடுத்துவிட்டு 9.7 ரோட்டர் போடுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முகத்திலும் ஆறரை சி.சி. இடத்தைக் குறைக்கிறீர்கள். மொத்த வேலையும் அந்த ஆறரை சி.சி.க்காகத்தான்.

குழியே இல்லாமல் ரோட்டர் செய்தால் என்ன என்று கேட்கலாம். மேலே சொன்ன அதே அளவுகளுக்கு, குழி இல்லாத, ஹவுசிங்கை ஒட்டிச் சுழலும் ஒரு கற்பனை ரோட்டரைக் கணக்குப் போட்டால் விகிதம் 18ஐத் தொடும். ஆனால் அந்த எஞ்சின் ஒழுங்காக எரியாது. ட்ரோக்காய்டு வளைவின் நடுவில் இடுப்பு மாதிரி ஒரு ஒடுக்கம் இருக்கிறது. அறை மிகவும் சுருங்கும் நேரத்தில் ரோட்டரின் முகம் அந்த ஒடுக்கத்தை ஒட்டி நிற்கும், குழி இல்லையென்றால் அறை இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும், ஒரு பக்கம் பற்றிய தீ மறுபக்கம் போக வழியே இருக்காது. குழிதான் அந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வாய்க்கால். அதனால் குழியைச் சின்னதாக்கச் சின்னதாக்க வெப்பக் கணக்கில் லாபம், தீ பரவுவதில் நஷ்டம். நீண்டு, மெலிந்து, நகர்ந்துகொண்டே இருக்கும் இந்த அறையில் சுவர்ப்பரப்பும் அதிகம், சுவருக்குப் போகும் வெப்பமும் அதிகம், கம்ப்ரெஷன் ஏறும்போது இந்த இழப்பும் கூடவே ஏறும்.

மாஸ்டாவே இதில் எவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 1967இல் வந்த காஸ்மோ ஸ்போர்ட்டின் 10ஏ எஞ்சினில் 9.4. இருபது வருடம் கழித்து வந்த டர்போ இல்லாத 13பி-யிலும் அதே 9.4தான். 1989இல் 9.7. 2003இல் ஆர்எக்ஸ்-8இன் ரெனெசிஸ் எஞ்சினில் 10.0. அதற்கப்புறம் 2023இல் எம்எக்ஸ்-30 காரில் ஜெனரேட்டராக ஓடும் ஒற்றை ரோட்டர் 8சி எஞ்சினில் 11.9 வந்தது. அதற்காக வளைவின் அளவையே மாற்றி, ஆரத்தை 120 மி.மீ. ஆக்கி, எரிபொருளை நேராக அறைக்குள் பீய்ச்சும் முறைக்கும் போக வேண்டியிருந்தது. இதையெல்லாம் பார்க்கும்போது, பழைய 13பி-யில் 10க்கு மேல் போக ஆசைப்படுவதில் அர்த்தமில்லை என்பதுதான் என் கருத்து.

எவ்வளவு பவர் கிடைக்கும்?

பணம் செலவழிக்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பெட்ரோல் எஞ்சினுக்கான ஆட்டோ சுழற்சியின் (Otto cycle) லட்சியக் கணக்கின்படி 9.0இல் இருந்து 9.7க்குப் போனால் வெப்பத்திறன் சுமார் 2 சதவீதம் கூடும். 9.4இல் இருந்து 10.0க்கு 1.7 சதவீதம். 9.0இல் இருந்து 10.0க்கு 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நிஜ எஞ்சினில் சுவர் இழப்பு இருப்பதால் இதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். 160 குதிரைத்திறன் எஞ்சினில் 2 சதவீதம் என்றால் மூன்று குதிரைத்திறன்.

அமெரிக்காவில் விற்ற டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-7 1986இல் 146 குதிரைத்திறன், 1989இல் 160. இடையில் கம்ப்ரெஷன் 9.4இல் இருந்து 9.7 ஆனது. பார்த்தால் கம்ப்ரெஷன் செய்த மாயம் மாதிரித் தெரியும். ஆனால் அதே வருடம் இன்டேக் குழாயை வேகத்துக்கு ஏற்ப மாற்றும் வால்வு வந்தது, ரோட்டர் எடை குறைந்தது, ரெட்லைன் 7000இல் இருந்து 8000 ஆர்பிஎம் ஆனது. கூடிய 14 குதிரைத்திறனில் கம்ப்ரெஷனின் பங்கு கணக்குப்படி ஒன்றரையைக் கூடத் தாண்டாது. 1991இல் லே மான்ஸ் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி காரின் ஆர்26பி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு ரோட்டர், 9000 ஆர்பிஎம்மில் 700 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் 10தான். அந்த பவர் ஹவுசிங்கின் சுற்றுச்சுவரில் திறக்கும் காற்று வழியான பெரிஃபெரல் போர்ட்டிலும், நீளம் மாறும் இன்டேக் குழலிலும், ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக்கிலும் இருந்து வந்தது.

அப்படியென்றால் ஏன் செய்ய வேண்டும்? டர்போ இல்லாத எஞ்சினில் எல்லா வேகத்திலும், எல்லா ஆக்சிலரேட்டர் நிலையிலும் கிடைக்கும் லாபம் இது ஒன்றுதான். போர்ட்டைப் பெரிதாக்கினால் மேலே வாங்கிக் கீழே கொடுக்கிறீர்கள், கம்ப்ரெஷனில் அப்படி எதையும் கொடுக்க வேண்டியதில்லை. மிதித்ததும் எஞ்சின் துள்ளுவது நன்றாகவே தெரியும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் என் அழுத்தமான அபிப்பிராயம்: எஞ்சின் எப்படியும் சீல் மாற்றத் திறக்கப்படுகிறது என்றால் செய்யுங்கள், இதற்காகவே நன்றாக ஓடும் எஞ்சினைத் திறக்காதீர்கள்.

படி 1: இப்போது உங்களிடம் என்ன இருக்கிறது?

கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். இதில் ஒரு குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்: டெஸ்டரில் வரும் அழுத்தத்தைப் பார்த்து "எனக்கு கம்ப்ரெஷன் குறைவு, அதனால் ஹை கம்ப்ரெஷன் ரோட்டர் போடப் போகிறேன்" என்கிறார்கள். டெஸ்டர் காட்டுவது சீல் எவ்வளவு நன்றாக அடைக்கிறது என்பதை. ரேஷியோ என்பது குழியின் வடிவம், அது தேயாது. அழுத்தம் குறைவாக இருந்தால் சீல், ஹவுசிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு 9.7 ரோட்டர் மருந்தல்ல. தேய்ந்த சீல் இழக்கும் பவர், ரேஷியோ கூட்டித் தரும் பவரைப் போலப் பல மடங்கு.

சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜை அப்படியே மாட்டினால் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நிற்கும். அதன் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு முள் மூன்று முறை துள்ளுவதைப் பாருங்கள், மூன்றும் ஒரே மாதிரித் துள்ள வேண்டும். ரோட்டரிக்கென்றே இருக்கும் டெஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அளவுக்கு ஆர்எக்ஸ்-8 எண்களைச் சொல்கிறேன்: 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல் சரியான நிலை, 680க்குக் கீழே போனால் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான், ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐயும், இரண்டு ரோட்டருக்கு இடையில் 100ஐயும் தாண்டக்கூடாது. எண்களைக் குறித்து வையுங்கள், வேலை முடிந்த பிறகு ஒப்பிட வேண்டும்.

படி 2: ரோட்டரைத் தேர்ந்தெடுப்பது

1986–88 டர்போ இல்லாதது 9.4, டர்போ 8.5. 1989–91 டர்போ இல்லாதது 9.7, டர்போ 9.0. மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் 13பி-ஆர்இடபிள்யூ 9.0. ஆர்எக்ஸ்-8 10.0. முதல் தலைமுறையில் 1984–85இல் வந்த ஜிஎஸ்எல்-எஸ்ஈ காரின் 13பி 9.4, ஆனால் அதில் ரோட்டரின் முனைகளில் உட்காரும் ஏபெக்ஸ் சீலின் பருமன் 3 மி.மீ. 1986இல் இருந்து வந்தவற்றில் 2 மி.மீ.

இரண்டாம் தலைமுறை எஞ்சினுக்கு நான் சொல்வது 1989–91 டர்போ இல்லாத 9.7 ரோட்டர். அதே குடும்பம், அதே 2 மி.மீ. சீல், எடையும் குறைவு. ஆர்எக்ஸ்-8 ரோட்டரை பழைய 13பி ஹவுசிங்கில் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், வேகப் பந்தயக்காரர்களிடையே அது சகஜம். ஆனால் அதன் ஏபெக்ஸ் சீலுக்கு உயரம் குறைவு, ரோட்டரின் பக்கவாட்டை அடைக்கும் சைட் சீலின் குறுக்குவெட்டு வேறு, எடையும் வேறு, அதாவது சீல் முழுவதும் ஆர்எக்ஸ்-8க்கு உரியதாக வாங்க வேண்டும், ஆட்டத்தைச் சமன்செய்யும் கவுன்டர்வெயிட்டும் அதற்கு உரியதாக வேண்டும். 0.3 கூடுதல் ரேஷியோவுக்கு இத்தனை ஏற்பாடு முதல் எஞ்சின் கட்டுபவருக்கு வேண்டாம்.

வெல்டிங் வைத்துக் குழியை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். ரோட்டர் வார்ப்பிரும்பு. வெல்டிங் சூட்டில் விரிசல் விடும், சீல் உட்காரும் பள்ளங்கள் கோணும், எடை எங்கெங்கோ கூடும். குழியைக் கடைந்து பெரிதாக்கி கம்ப்ரெஷனைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது.

பழைய ரோட்டர் வாங்கும்போது வெளுத்துப் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், ஏபெக்ஸ் சீல் பள்ளத்தைப் பாருங்கள். புது சீலை வைத்து ஃபீலர் கேஜை விட்டால் இடைவெளி 0.06 முதல் 0.10 மி.மீ. வரை இருப்பது நல்லது, 0.15ஐத் தாண்டினால் வேண்டாம். முனைகளில் அடிபட்ட தழும்பு இருந்தால் முந்தைய எஞ்சினில் சீல் உடைந்திருக்கிறது, அந்தப் பள்ளம் விரிந்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் பல் தேய்மானம், பிடிப்புத் தளர்வு இரண்டையும் பாருங்கள். ரோட்டர் பேரிங்கில் செம்பு நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டும். இரண்டு ரோட்டரையும் ஒரே எஞ்சினில் இருந்து வாங்குவதுதான் நல்லது. ரோட்டரின் பக்கவாட்டில் எடைப்பிரிவைச் சொல்லும் ஆங்கில எழுத்து ஒன்று பொறித்திருப்பார்கள், இரண்டிலும் ஒரே எழுத்தோ அடுத்தடுத்த எழுத்தோ இருக்கட்டும்.

படி 3: குழியை அளந்து பார்ப்பது

விற்பவர் 9.7 என்பார், வருடங்கள் கடந்த ரோட்டருக்கு எந்த எஞ்சினில் இருந்து வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நாமே அளந்துவிடலாம். முதலில் கரியை முழுவதும் நீக்குங்கள், கரி குழியைச் சுருக்கிக் காட்டும், எஞ்சினில் அதுவே தணலாக நின்று நேரத்துக்கு முன் பற்றவைக்கும். சீல் பள்ளத்தில் மட்டும் கம்பித் தூரிகை வேண்டாம், பழைய சீலின் உடைந்த துண்டைச் சுரண்டியாக வைத்து மெதுவாகச் செய்யுங்கள்.

அப்புறம் குழியை முழுவதும் மூடும் அளவுக்கு மெல்லிய, வளையக்கூடிய அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ரோட்டரின் முகம் ஒரு திசையில் மட்டும்தான் வளைந்திருக்கிறது, அதனால் தகடு அதன்மேல் நன்றாகப் படியும். தகட்டில் இரண்டு சின்ன ஓட்டை போடுங்கள், ஒன்று ஊற்ற, ஒன்று காற்று வெளியேற. குழியைச் சுற்றி கிரீஸ் தடவித் தகட்டை அழுத்தி ஒட்டி, சிரிஞ்சில் அளந்து மண்ணெண்ணெயோ, நிறம் கலந்த ஸ்பிரிட்டோ விடுங்கள். எத்தனை சி.சி. போனது என்று ஆறு முகத்திலும் எழுதி வையுங்கள்.

இது முழு அறையின் அளவு அல்ல, குழியின் அளவு மட்டும். ஆனாலும் ஒப்பிட இது போதும்: பழைய 9.0 ரோட்டரையும் இதே மாதிரி அளந்தால், 9.7 ரோட்டரில் ஆறரை சி.சி. அளவுக்குக் குறைவாக வர வேண்டும், அந்த வித்தியாசம் சாதாரண சிரிஞ்சிலேயே தெளிவாகத் தெரியும். ஒரு சி.சி. பிசகினால் விகிதத்தில் சுமார் 0.12 பிசகும், ஆகவே அவசரப்படாமல் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுங்கள். ஆறு முகங்களுக்குள் ஒரு சி.சி.க்கு மேல் வித்தியாசம் வந்தால், யாரோ எப்போதோ அந்தக் குழியில் கை வைத்திருக்கிறார்கள்.

படி 4: பேலன்ஸ்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இரண்டு ரோட்டர் எஞ்சினில் ரோட்டர்கள் ஷாஃப்டில் 180 டிகிரி எதிரெதிரே இருக்கின்றன. எடை ஒன்றாக இருந்தால் விசை ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். அதனால் ஷாஃப்டின் இரு முனையையும் எதிரெதிராக ஆட்டும் ஒரு முறுக்கம் மிச்சம் நிற்கும். அதைச் சமன் செய்யத்தான் முன்னால் ஒரு கவுன்டர்வெயிட்டும், பின்னால் ஃப்ளைவீலோடு சேர்ந்த இன்னொன்றும் இருக்கின்றன. இவை குறிப்பிட்ட எடையுள்ள ரோட்டருக்காகச் செய்யப்பட்டவை. ரோட்டரை மாற்றினால் இவற்றையும் மாற்ற வேண்டும்.

எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்கு. இரண்டு ரோட்டருக்கும் இடையில் வெறும் 10 கிராம் வித்தியாசம் என்றால், 7000 ஆர்பிஎம்மில், 15 மி.மீ. விலகலில், சுமார் 8 கிலோ விசை ஒரு பக்கமாக இழுக்கும். அது பரவாயில்லை, எஞ்சின் தாங்கும். ரோட்டர் ஒவ்வொன்றும் கவுன்டர்வெயிட் எதிர்பார்ப்பதைவிட 300 கிராம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே வேகத்தில் ஒவ்வொரு முனையிலும் 240 கிலோவுக்கு மேல் விசை ஷாஃப்டை ஆட்டும். ஐடிலில் ஒன்றும் தெரியாது, ஐயாயிரத்துக்கு மேல் காரே நடுங்கும், மெயின் பேரிங் தேய்ந்துகொண்டே போகும்.

வழி எளிது. ரோட்டர் எந்த வருட எஞ்சினுடையதோ அதே எஞ்சினின் முன் கவுன்டர்வெயிட்டையும் பின் எடையையும் சேர்த்தே வாங்குங்கள். மேனுவல் கியர் காரின் ஒரிஜினல் ஃப்ளைவீலில் பின் எடை வார்ப்பிலேயே சேர்ந்திருக்கும், அதனால் 9.7 ரோட்டருக்கு 1989–91 ஃப்ளைவீல் வேண்டும். எடை குறைந்த ஃப்ளைவீல் போட ஆசை இருந்தால், ஆட்டோமேட்டிக் காரில் பின் எடை தனித் துண்டாக வரும், அதே வருட ஆட்டோமேட்டிக் எஞ்சினின் அந்தத் துண்டை வாங்கி அதன்மேல் புது ஃப்ளைவீலைப் பூட்டலாம். ரேசிங் பீட் மாதிரியான நிறுவனங்கள் பல்வேறு வருட ரோட்டர்களுக்கு ஏற்ற கவுன்டர்வெயிட்களைத் தனியாகவும் விற்கின்றன. கலந்துகட்டி ரோட்டர் போடுபவர்களும் 8000க்கு மேல் சுற்ற நினைப்பவர்களும் ஷாஃப்ட், ரோட்டர், எடைகள், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் ரோட்டரி வேலை தெரிந்த பேலன்சிங் கடையில் கொடுத்துவிடுங்கள். ரோட்டருக்குள் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் தங்கியிருக்கும், அந்த எடையையும் கணக்கில் எடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

படி 5: சீலும் பூட்டுவதும்

எஞ்சின் கட்டும் முறையை முழுவதும் இங்கே எழுதப் போவதில்லை, சர்வீஸ் மேனுவல் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. ரோட்டர் மாற்றுவதால் புதிதாகப் பார்க்க வேண்டியவை மட்டும் இங்கே.

சைட் சீலை அந்தந்தப் பள்ளத்துக்கு அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். சீலின் முனைக்கும் மூலையில் இருக்கும் கார்னர் சீலுக்கும் இடையில் 0.05 முதல் 0.15 மி.மீ. நான் 0.05 பக்கமே நிற்கச் சொல்வேன், ரேஷியோவில் கூட்டியதை இந்த இடுக்கில் விட்டுவிடக் கூடாது. ரோட்டர் பேரிங்கின் இடைவெளி 0.04 முதல் 0.08 மி.மீ., 0.10 எல்லை. ரோட்டரின் அகலத்தை மைக்ரோமீட்டரில் பல இடத்தில் எடுத்து ஹவுசிங்கின் அகலத்தோடு ஒப்பிடுங்கள், குறைந்தது 0.10 மி.மீ. இடைவெளி வேண்டும். வேறு எஞ்சினின் ரோட்டரை உங்கள் ஹவுசிங்கில் வைக்கும்போது இதைப் பார்க்காமல் விடவே கூடாது. அதிக ஆர்பிஎம்மில் ஷாஃப்ட் லேசாக வளையும், அப்போது ரோட்டரின் ஓரம் சைட் ஹவுசிங்கில் உரசும். பந்தய எஞ்சின்களில் ரோட்டரின் பக்கங்களைச் சற்றே கடைந்துவிடுவது இதற்காகத்தான்.

எஞ்சினைச் சேர்த்துப் பிடிக்கும் டென்ஷன் போல்ட்களை வரிசைப்படி, இரண்டு மூன்று சுற்றில், 32 முதல் 39 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். ஷாஃப்டின் எண்ட் பிளே, அதாவது முன்பின் அசைவு, 0.04 முதல் 0.07 மி.மீ. வர வேண்டும், 0.09 எல்லை. ரோட்டர் ஹவுசிங்கின் குரோம் பூச்சு ஓரத்தில் உதிர்ந்திருந்தால் இந்தப் பணத்தை ரோட்டரில் போடாமல் ஹவுசிங்கில் போடுங்கள்.

படி 6: போர்ட்

இன்டேக் போர்ட் மூடும் நேரம் தள்ளிப்போகப் போக, கீழ் வேகத்தில் உள்ளே வந்த காற்று கொஞ்சம் திரும்பிப் போகும், எண் 9.7 என்றாலும் நிஜமாக அமுக்கப்படுவது குறையும். அதனால் ஸ்ட்ரீட் போர்ட் வெட்டிய, அதாவது போர்ட்டை மிதமாகப் பெரிதாக்கிய, எஞ்சினுக்கு ஹை கம்ப்ரெஷன் ரோட்டர் நல்ல ஜோடி, போர்ட் கீழே எடுத்ததில் கொஞ்சத்தை ரோட்டர் திருப்பிக் கொடுக்கும். எஞ்சின் திறந்திருக்கும்போது இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம், பவரின் பெரும்பங்கு போர்ட்டில் இருந்தும் எக்ஸாஸ்ட்டில் இருந்தும்தான் வரப்போகிறது.

படி 7: பிளக், பெட்ரோல், டைமிங்

ரோட்டரியில் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துப் பற்றுவது) வந்தால் பிஸ்டன் எஞ்சின் மாதிரிச் சத்தம் போட்டு எச்சரிக்காது, பல சமயம் முதல் எச்சரிக்கையே உடைந்த ஏபெக்ஸ் சீல்தான். அறையின் பின் முனையில், அதாவது தீ கடைசியாகப் போய்ச் சேரும் டிரெய்லிங் பக்கத்தில்தான் எரியாத கலவை அழுத்தப்பட்டுக் காத்திருக்கிறது. கம்ப்ரெஷன் ஏறினால் அங்கே சூடும் ஏறும். டர்போ இல்லாத 13பி-க்கு இதில் இயற்கையாகவே ஒரு வசதி உண்டு: காற்று உள்ளே வரும் பகுதியும் எரியும் பகுதியும் ஹவுசிங்கில் வேறு வேறு இடம், சூடான எக்ஸாஸ்ட் வால்வும் இல்லை. அதனால் 9.7க்கு ஆக்டேன் எண் (ஆர்ஓஎன்) 95 உள்ள பெட்ரோல் தாராளமாகப் போதும். 10.0க்கு 98 கிடைத்தால் போடுங்கள்.

பிளக்கைப் பொறுத்தவரை, என்ஜிகே வரிசையில் ஒரிஜினலாக முதலில் பற்றவைக்கும் லீடிங் பிளக்குக்கு 7, அடுத்துப் பற்றவைக்கும் டிரெய்லிங் பிளக்குக்கு 9 வரும், எண் பெரிதானால் குளிர்ச்சி. கம்ப்ரெஷன் ஏற்றி, நீண்ட நேரம் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டுபவர்கள் நான்கிலும் 9 போடலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டினால் 7 இருக்கட்டும், இல்லையென்றால் பிளக் கரி பிடித்து ஸ்டார்ட் ஆவதில் தகராறு செய்யும்.

டைமிங்கைப் பழைய எண்ணிலேயே விடாதீர்கள். அமுக்கம் கூடினால் கலவை வேகமாக எரியும், முன்பு தேவைப்பட்ட அட்வான்ஸ் (எவ்வளவு முன்கூட்டிப் பற்றவைப்பது) இப்போது அதிகமாகிவிடும். முழு ஆக்சிலரேட்டரில் லீடிங்கை 20 டிகிரியில் வைத்துத் தொடங்கி, பவரை அளக்கும் டைனோவில் ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டுங்கள், டார்க் கூடுவது நின்ற இடத்தில் நிறுத்தி ஒரு டிகிரி பின்வாங்குங்கள். லீடிங்குக்கும் டிரெய்லிங்குக்கும் இடையிலான வித்தியாசத்தை 10 முதல் 15 டிகிரிக்குள் வைத்திருங்கள். அதைக் குறைத்தால் கொஞ்சம் பவர் வரும்தான், ஆனால் நாக்கிங்குக்கு நேராகக் கதவைத் திறப்பதும் அதுதான், ரோடு காரில் அந்த ஆபத்து தேவையில்லை. காற்று எரிபொருள் விகிதத்தை முழு மிதிப்பில் 13க்குச் சற்றுக் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

ஆயில் கூலரையும் மறக்க வேண்டாம். ரோட்டரைக் குளிர்விப்பது ஷாஃப்டில் இருந்து அதற்குள் பீய்ச்சும் எஞ்சின் ஆயில்தான், கூலர் அடைத்திருந்தால் ரோட்டரின் முகம் சூடேறி நீங்கள் வைத்த டைமிங் எல்லாம் வீண். சீலுக்கு எண்ணெய் செலுத்தும் மீட்டரிங் பம்பு சரியாக வேலை செய்கிறதா என்றும் பாருங்கள், அதை நீக்கிவிட்டவர்கள் பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

சீல் படிந்த பிறகு, மறுபடி கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து முதல் படியில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், பீங்கானில் மிளகுத்தூள் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் டைமிங்கை அன்றைக்கே இரண்டு டிகிரி குறையுங்கள்.

டர்போ வைத்திருப்பவர்களுக்கு

0.7 பார் பூஸ்டில் ஓடும் எஞ்சினில் பூஸ்டை 0.035 பார் கூட்டினாலே காற்று 2 சதவீதம் கூடிவிடும். 9.0இல் இருந்து 9.7க்குப் போய், எஞ்சினைத் திறந்து, பேலன்ஸ் செய்து வாங்கும் லாபமும் அதே 2 சதவீதம். நாக்கிங் எல்லை மட்டும் நிரந்தரமாகக் கீழே வந்துவிடும். பவருக்காக என்றால் இந்தக் கணக்கு கட்டவே கட்டாது.

ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும் இது சரிவரும்: பூஸ்ட் வரும் முன்பு எஞ்சின் உயிரோடு இருப்பது. பெரிய டர்போ போட்டு, 8.5 ரோட்டரில் நாலாயிரம் ஆர்பிஎம் வரை சோம்பிக் கிடக்கும் எஞ்சினுக்கு 9.0 ரோட்டர் போட்டால் சுறுசுறுப்பு தெரியும், மாஸ்டாவே 1989இல் டர்போ எஞ்சினில் செய்த மாற்றம் அது. 9.7ஐ டர்போவில் போட வேண்டுமென்றால் எத்தனால் கலந்த இ85 எரிபொருள், அதற்கேற்ற பெரிய இன்ஜெக்டர், நல்ல இன்டர்கூலர், அனுபவமுள்ள டியூனர் நான்கும் வேண்டும். உங்கள் ஊர் பங்க்கில் இ85 எல்லா நேரமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அவ்வப்போது சாதாரண பெட்ரோலும் போட வேண்டியிருக்கும் என்றால் 9.0 ரோட்டரோடு நின்றுகொள்ளுங்கள்.